அப்படியே ஓடும் என்றவர்

மெட்ராஸிலிருந்து டை கட்டிக்கொண்டு வந்த அந்த ஆள், என் மேஜைமேல் இருந்த கம்ப்யூட்டரை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, அந்த விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். அதில் தூசு எதுவும் இல்லை. தினமும் காலையில் வந்ததும் நான்தான் துடைப்பேன். அவர் துடைத்துக்கொண்டது எங்களை. ஆம்பூர், தோல் கம்பெனி, அதில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு பொம்பளை, எல்லாவற்றையும் சேர்த்து.

எண்பதுகளின் பிற்பகுதி அது. பதப்படுத்திய தோலை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் எனக்குக் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் வேலை. வீடு வேலூர் சத்துவாச்சாரியில். அம்மா நர்ஸ், அப்பா மிஷன் ஸ்கூல் வாத்தியார். கணக்கில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, மெட்ராஸில் சித்தி வீட்டில் தங்கி ப்ரோக்ராம் எழுதக் கற்றுக்கொண்டு வந்தவள் நான். ஆபரேட்டர் என்பது அவர்கள் கொடுத்த பெயர். அந்த மெஷினில் ஓடிய ப்ரோக்ராமை எழுதியதே நான்தான். அதைச் சொல்லிக்கொண்டால் மேனேஜருக்குப் பிடிக்காது. "ஸ்விட்ச் போட்டா அது பாட்டுக்கு வேலை செய்யுது, இதுல நீ இன்னா எழுதினே?" என்பார்.

அந்த ப்ரோக்ராம் செய்த வேலை இதுதான். ஒவ்வொரு தோலின் பின்புறமும் அதன் சதுர அடி, கால் அடி வரை துல்லியமாக எழுதியிருக்கும். அதையெல்லாம் கட்டுவாரியாகக் கூட்டி, தரம் பிரித்து, எந்தப் பெட்டியில் எவ்வளவு தோல் என்று பேக்கிங் லிஸ்ட் அடிக்க வேண்டும். கேட்க சுலபமாக இருக்கும். ஆனால் வாங்குகிறவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி. ஒருத்தனுக்கு நிறவாரியாக வேண்டும், இன்னொருத்தனுக்குத் தடிமன்வாரியாக. ஒருவன் சதுர அடியே கூடாது, மீட்டரில் கொடு என்பான். அவரவர் குணத்துக்கு ஏற்றபடி ப்ரோக்ராமை மாற்றி மாற்றி, அது என் கைக்குள் பழகிய ஒன்றாக ஆகியிருந்தது. மாற்றும்போதெல்லாம் முழு ப்ரோக்ராமையும் காகிதத்தில் அடித்து வைத்துக்கொள்ள நினைப்பேன். மேனேஜர் விடமாட்டார். "பேப்பர் பேக்கிங் லிஸ்டுக்கு வாங்கினது. உன் பாட்டெல்லாம் அடிக்கறதுக்கு இல்ல." அதனால் எல்லாம் ஃப்ளாப்பியில் மட்டும் இருந்தது.

டை கட்டியவர் வந்தது புது மெஷின் விற்க. மேனேஜரின் அறையில் வைத்து நான் கேட்டேன்: "சார், இப்ப எங்ககிட்ட இருக்கற ப்ரோக்ராம் உங்க மெஷின்ல ஓடுமா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. மேனேஜரைப் பார்த்துப் பதில் சொன்னார்.

"சார், கம்ப்யூட்டர்னா கம்ப்யூட்டர்தான். அப்வர்ட் கம்பாட்டிபிள். பழசு எல்லாம் புதுசுல அப்படியே ஓடும்."

"அப்படியே ஓடுமாம்," என்றார் மேனேஜர் என்னிடம், எனக்குத் தமிழ் தெரியாதது போல.

"பழையதுல சிபி/எம். உங்களதுல டாஸ். ரெண்டும் வேற வேற ஆச்சே சார்?"

கம்ப்யூட்டரைப் போட்டதும் முதலில் விழித்துக்கொண்டு, திரை, ஃப்ளாப்பி, ப்ரிண்டர் எல்லாவற்றையும் வேலை வாங்குகிற அடிப்படை ப்ரோக்ராம் ஒன்று உண்டு. அதற்கு மேல்தான் மற்றதெல்லாம் ஓடும். அதன் பெயர்களைத்தான் நான் சொன்னேன். டை கட்டியவர் முகத்தில் ஒரு கணம் ஒன்றுமே இல்லை. அவருக்கு அந்த வார்த்தைகள் தெரியாது என்று அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. விற்க வந்திருக்கும் பொருள் உள்ளே என்னவென்று தெரியாமல் ஒருத்தர் இத்தனை வெள்ளையாகச் சட்டை போட்டுக்கொண்டு வரமுடியும் என்பதே எனக்கு ஆச்சரியம்.

மேனேஜர் சிரித்தார். "சிபிஎம்மா? கட்சி பேரு மாதிரி இருக்கு. அதெல்லாம் இந்த கம்பெனிக்கு வேணாம்மா."

இரண்டு பேரும் வெகுநேரம் சிரித்தார்கள்.

பழைய மெஷினைக் கொஞ்ச நாள் வைத்திருக்கலாம் என்று நான் கேட்டுப் பார்த்தேன். புதியதில் ஒரு லிஸ்டாவது சரியாக வரட்டும், பிறகு அனுப்பலாம் என்றேன். மேனேஜர் அதை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதாக ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தார். "பொம்பளைங்களுக்கே பழசு மேல பாசம் ஜாஸ்தி," என்று அந்த ஆளிடம் சொன்னார். புதிய மெஷினை இறக்கிய அதே காலையில், பழையதும் அதன் ப்ரிண்டரும் எங்கள் கம்பெனி வேனிலேயே ஏறிப் போய்விட்டன. மெட்ராஸ் கம்பெனிக்காரர்களிடம் வண்டி இல்லையாம். அதற்கும் நாங்களே டீசல்.

பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கு இன்றும் வாய் கசக்கிறது. என் ஃப்ளாப்பியைப் புதிய மெஷினில் போட்டேன். படிக்க முடியவில்லை என்றது. இன்னொன்று போட்டேன். அதே பதில். டை கட்டியவர் அன்று கூடவே இருந்தார். என்னை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு அவரே உட்கார்ந்து, அதே ஃப்ளாப்பியை எடுத்து எடுத்துப் போட்டார். வேகமாகப் போட்டால் படிக்கும் என்று நினைத்தாரோ என்னவோ. கடைசியில் மூக்கைச் சுளித்தார்.

"சார், இந்த ஸ்மெல். டேனரி ஏர்ல ஆசிட் இருக்கு. ஃப்ளாப்பி எல்லாம் அரிச்சுப் போயிருக்கு."

நேற்று மாலை வரை அந்த ஃப்ளாப்பியில்தான் வேலை செய்தேன் என்றேன்.

"நைட்ல ஆயிருக்கும்," என்றார்.

மேனேஜர் தலையாட்டினார். இருபது வருஷம் இந்தத் தோல் வாசனையில் மூச்சு விட்டு, நன்றாகவே கொழுத்திருந்த மனிதர் அவர்.

டை கட்டியவர் அடுத்த முறை வந்தபோது ஏ.சி. சரியில்லை என்றார். அதற்கடுத்து, நான் செருப்போடு அறைக்குள் வருவதால் தூசு சேர்கிறது என்றார். அதன் பிறகு ஃப்ளாப்பிகளை மெட்ராஸுக்கு எடுத்துப்போய் ஆபீஸில் மாற்றித் தருவதாகச் சொன்னார். பழைய மெஷின் இருந்தபோதே எடுத்து வைத்திருந்த பிரதிகளை மட்டும் கொடுத்து, மூலத்தை என் பையில் வைத்துக்கொண்டேன். நல்லவேளை. திரும்பி வந்த பிரதிகளில் ஒன்றுமே இல்லை. அவர்கள் அதை டாஸுக்கு ஏற்றபடி 'ரெடி' பண்ணியிருந்தார்களாம். அதாவது முழுக்க அழித்திருந்தார்கள். "பாருங்க மேடம், இப்ப மெஷின் படிக்குது," என்று காட்டினார் அந்த ஆள். படித்தது. படிப்பதற்கு எதுவும் இல்லாத வெறும் ஃப்ளாப்பியை நன்றாகவே படித்தது.

இதற்கிடையில் லாரிகள் நின்றுகொண்டிருந்தன. இரண்டு டைப்பிஸ்டுகள் கால்குலேட்டரை வைத்துக்கொண்டு பேக்கிங் லிஸ்டுகளைக் கையால் அடித்தார்கள். ஒரு லிஸ்டில் கூட்டல் தப்பாகி, துறைமுகத்தில் பெட்டிகளை நிறுத்திவிட்டார்கள். சரக்கு அந்தக் கப்பலில் போகவில்லை.

முதலாளி எங்கள் எல்லாரையும் கூப்பிட்டார். வயதானவர், அதிகம் பேசமாட்டார். பேசினாலும் மெதுவாகத்தான் பேசுவார். "இன்னா ஆச்சு?" என்றார்.

மேனேஜர் கொஞ்சமும் தயங்கவில்லை. "மெஷின் ஃபஸ்ட் கிளாஸ் சார். ஆபரேட்டர் ஹாண்ட்லிங்தான் சரியில்ல. இந்தப் பொண்ணுக்குப் புதுசு கைக்கு வரல."

நான் அவர் முகத்தையே பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அவருடைய சட்டைப் பையில் அந்த மெட்ராஸ் கம்பெனி கொடுத்த புதுப் பேனா செருகியிருந்தது. ஒரு பேனாவுக்கு இந்த மனிதர் இவ்வளவு மலிவாகப் போகிறாரே என்று நினைத்தேன். கோபம்கூட வரவில்லை. கோபப்பட அந்த ஆளிடம் ஏதாவது இருக்க வேண்டுமே.

"எனக்கு டைம் கொடுங்க சார். நான் சரி பண்றேன்," என்று முதலாளியிடம் மட்டும் சொன்னேன்.

எனக்குத் தேவை பழைய மெஷின். அது ஒரு நாள் என் கையில் கிடைத்தால் போதும், முழு ப்ரோக்ராமையும் காகிதத்தில் அடித்துக்கொண்டு வந்து புதியதில் தட்டிவிடலாம். மேனேஜரிடம் அது எங்கே போனது என்று கேட்டேன். "வித்தாச்சு. போனதைப் பத்திப் பேசாதே," என்றார். வேன் டிரைவரிடம் கேட்டேன். அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

"அரக்கோணத்துல எறக்கினேன் மேடம். ஸ்டேஷன் பக்கத்துல, மாடியில. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். தூக்கிட்டு ஏறி முதுகு போயிட்ச்சு."

லீவ் எழுதிக் கொடுத்துவிட்டு, காட்பாடியில் ரயில் ஏறி அரக்கோணம் போனேன். பையில் ஃப்ளாப்பிகள், ப்ரிண்டருக்கு ஒரு புது ரிப்பன், ஒரு கட்டு பேப்பர். பேப்பரை மேனேஜரைக் கேட்காமலேதான் எடுத்தேன்.

மாடிப்படி ஏறும்போதே தட்டச்சு மெஷின்களின் சத்தம். வாசலில் புதிதாக எழுதிய பெரிய பலகை: கம்ப்யூட்டர் பயிற்சி. உள்ளே தனியாக ஓர் அறையில், சிவப்பு வெல்வெட் துணி போர்த்தி, மேலே மல்லிகைச் சரம் சாத்தி, நெற்றியில் குங்குமத்தோடு என் மெஷின் உட்கார்ந்திருந்தது. முன்னால் ஊதுபத்தி. அதன் எதிரே பெஞ்சுகளில் பத்துப் பதினைந்து பேர், நோட்டில் எதையோ பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

இன்ஸ்டிட்யூட் நடத்துகிறவர் மரியாதையானவர்தான். உட்காரச் சொல்லி, காபி வரவழைத்தார். விஷயத்தைச் சொன்னேன். எழுந்து போய் மெஷினை ஒரு முறை பார்த்துவிட்டு வந்தார்.

"ஸ்விட்ச் போடணுமா?"

"போடாம எப்படிங்க?"

"இல்ல, நாங்க இதுவரைக்கும் போடல. போட்டா சூடாவும்னு சொன்னாங்க. வோல்டேஜ் வேற இங்க ஏறி எறங்குது."

"அப்போ இவங்களுக்கெல்லாம் எதுல சொல்லித் தர்றீங்க?"

"தியரிம்மா. இதுதான் கீபோர்டு, இதுதான் ஸ்க்ரீன்னு காட்டறோம். தொட விடறதில்ல."

அந்த பெஞ்சுகளில் இருந்தவர்களைப் பார்த்தேன். கல்லூரி முடித்த பையன்கள், பெண்கள், ரயில்வேயில் வேலை பார்க்கும் நடுத்தர வயது ஆள் ஒருவர். எதிர்காலம் வருகிறது என்று நம்பி இந்த மாடிக்கு ஏறி, வெல்வெட் துணியைப் பார்த்து நோட்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தம். காபி கொடுத்தவர்மேல் வந்தது வேறு.

அவர் ஒரு நிபந்தனை போட்டார். நான் வேலை செய்வதைப் பிள்ளைகள் சுற்றி நின்று பார்க்கலாம். நான் சரி என்றதும் கைதட்டி எல்லாரையும் அழைத்தார். "இன்னிக்கு ப்ராக்டிகல் க்ளாஸ். ஆம்பூர்லேர்ந்து எக்ஸ்பர்ட் வந்திருக்காங்க." ஆம்பூரில் கைக்கு வராத பொண்ணு, அரக்கோணத்தில் எக்ஸ்பர்ட். நடுவில் சில ரயில்வே ஸ்டேஷன்கள்தான்.

பூவை எடுத்தேன், குங்குமத்தைத் துடைத்தேன், ஸ்விட்சைப் போட்டேன். விசிறி சுற்றியது, பச்சை எழுத்து வந்தது. சுற்றி நின்றவர்கள் ஒரே குரலில் "ஓ" என்றார்கள். ஃப்ளாப்பியைப் போட்டேன். ஒரு தயக்கமும் இல்லாமல் படித்தது. ஆசிட் அரிக்காத, செருப்புத் தூசு படாத, எனக்குத் தெரிந்த ஒவ்வொரு வரியும் அப்படியே இருந்தது. கண்ணில் நீர் வந்துவிடுமோ என்று பயந்து, ரிப்பன் மாட்டுகிற சாக்கில் குனிந்துகொண்டேன். அழுதால் இவர்களுக்கு அதுவும் ஒரு ப்ராக்டிகல் க்ளாஸ்.

ப்ரிண்டர் கத்திக்கொண்டே அடிக்க ஆரம்பித்ததும் அந்த ரயில்வேக்காரர் கேட்டார். "மேடம், புது மெஷின்தான் நல்லதுன்னா, இது ஏன் அதுல ஓடல?"

இத்தனை வாரங்களில் யாருமே கேட்காத கேள்வி. நான் சொன்னேன்: "ரெண்டும் ஒரே ஃப்ளாப்பியைத்தான் போட்டுக்குதுங்க. ஆனா அதுல எந்த இடத்துல எதை எழுதி வெக்கறதுன்னு இதுக்கு ஒரு முறை, அதுக்கு வேற முறை. அது இதோட எழுத்தைப் பார்த்தா தலையும் தெரியாது, வாலும் தெரியாது. அப்படியே படிச்சாலும், திரையை அழி, கோடு போடுன்னு நான் கொடுத்திருக்கற உத்தரவு அதுக்குப் புரியாது. புதுசு நல்லதுதான். ஆனா பழசை அதுக்குப் புரியற மாதிரி மாத்திக் கொடுக்கணும். மாத்தறதுக்கு ஆள் வேணும்."

"அப்படியே ஓடாது."

"ஓடாது."

அவர் தலையாட்டி, அதை நோட்டில் எழுதிக்கொண்டார்.

ஆம்பூர் திரும்பி, வரி வரியாக எல்லாவற்றையும் புதிய மெஷினில் தட்டினேன். முதலில் ஓட்டியபோது, திரை சுத்தமாவதற்குப் பதில் இடது பக்கம் பார்க்கும் குட்டி அம்புக்குறிகளும் கன்னாபின்னா எழுத்துகளும் வந்தன. பழைய திரைக்கு எழுதிய உத்தரவுகள் அவை. தேடித் தேடி ஒவ்வொன்றாக மாற்றினேன். அடுத்து, இரண்டாவது ட்ரைவில் ஃப்ளாப்பியைப் போடு என்று கேட்டு நின்றது. பழைய மெஷினில் ஃப்ளாப்பி போட இரண்டு வாய், இதில் ஒன்றுதான். டை கட்டியவர் அந்த நேரத்தில் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "மெஷின் கேக்குது இல்ல, போடுங்க," என்றார். எங்கே போடுவது என்று கேட்டேன். மெஷினைச் சுற்றி ஒரு தரம் நடந்து வந்தார். நிஜமாகவே பின்பக்கம் போய்ப் பார்த்தார். பிறகு மேனேஜரோடு சாப்பிடப் போய்விட்டார். நான் உள்ளே இருந்த ஹார்ட் டிஸ்கைப் பார்க்கும்படி அந்த வரிகளைத் திருத்தினேன்.

ஒரு மத்தியானம் முழு லிஸ்டும் தப்பில்லாமல் வந்தது. டைப்பிஸ்டுகள் இரண்டு பேரும் வந்து கூட்டிப் பார்த்தார்கள். சரியாக இருந்தது. பழையதில் நெடுநேரம் எடுத்த வேலையை இது டீ குடிக்கிற நேரத்தில் முடித்தது. மெஷின்மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மேனேஜர் உடனே திறப்பு விழா வைத்துவிட்டார். பிரியாணி, நாற்காலிகள், ரிப்பன். என்னைச் சந்தனத் தட்டு பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கச் சொன்னார். எனக்குக் கை வலிக்கிறது என்றேன். டை கட்டியவருக்குச் சால்வை போர்த்தினார்கள். அவர் மைக் பிடித்துப் பேசினார். "முதல் நாளே நான் சொன்னேன், அப்வர்ட் கம்பாட்டிபிள்னு. இன்னிக்கு அது ப்ரூவ் ஆயிருக்கு." மேனேஜர்தான் முதலில் கைதட்டினார்.

முதலாளி, "ஒண்ணு ஓட்டிக் காட்டுங்க, பார்க்கலாம்," என்றார். மேனேஜர் கூட்டத்தில் என்னைத் தேடி, "வாம்மா, சீக்கிரம்," என்றார்.

"அவரே காட்டட்டும் சார். அவர் மெஷின்தானே," என்றேன். நான் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

சால்வையோடு அவர் போய் உட்கார்ந்தார். எந்தச் சரக்கு என்று மெஷின் கேட்டது. என்ன தட்டுவதென்று தெரியாமல் தன் கம்பெனியின் பெயரைத் தட்டினார். அப்படி ஒரு சரக்கு இல்லை என்றது. திரும்பவும் அதையே தட்டினார். சால்வை நழுவி கீபோர்டின் மேல் விழுந்தது. பீப் பீப் என்று மெஷின் கத்தியது. "வோல்டேஜ் கம்மியா இருக்கு," என்று எழுந்துவிட்டார். யாரும் சிரிக்கவில்லை, மரியாதையான ஊர். எல்லாரும் பிரியாணிக்குப் போனார்கள்.

மறுநாள் முதலாளி என் அறைக்கு வந்தார். கதவருகிலேயே நின்று, "நெஜமா இன்னாம்மா நடந்துச்சு?" என்று கேட்டார். நான் ஒன்று விடாமல் சொன்னேன். அரக்கோணம், வெல்வெட் துணி, அழிக்கப்பட்ட ஃப்ளாப்பி எல்லாம். பொறுமையாகக் கேட்டார்.

"எனக்குத் தெரியும்மா," என்றார்.

அடுத்து மேனேஜரைக் கூப்பிட்டு அனுப்புவார் என்று எதிர்பார்த்தேன்.

"அவரு எங்க வாலிது காலத்துலேர்ந்து இருக்கறவரு," என்றார். அப்பாவை அவர்கள் வீட்டில் வாலிது என்பார்கள். "இன்னா சொல்றது? லிஸ்ட் சரியா வருதில்ல? அது போதும். நீ மனசுல வெச்சுக்காதே."

நல்ல மனுஷர் என்று ஊரே சொல்லும். அன்றுவரை நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். தெரியாமல் இருந்த இரண்டு பேரைவிட, தெரிந்தும் கதவருகே நின்று 'அது போதும்' என்று சொன்னவர்தான் அன்று என் கண்ணில் கீழே இறங்கினார். அவர் போன பிறகு ராஜினாமாக் கடிதத்தை அந்த மெஷினிலேயே அடித்தேன். ராணிப்பேட்டையில் ஒரு கம்பெனி ஏற்கெனவே என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. வீட்டில் அம்மா, "எங்க போனாலும் இப்படிப்பட்டவங்க இருப்பாங்க," என்றாள். "இருக்கட்டும், இவங்க இருக்கமாட்டாங்க," என்றேன்.

போகும் முன் ப்ரோக்ராம் முழுவதையும் இரண்டு பிரதி அடித்து, எந்த வரி எதற்கு என்று ஓரத்தில் தமிழில் எழுதி வைத்தேன். நான் போனதால் வேலை நின்றது என்று சொல்லும் சந்தோஷத்தை மேனேஜருக்குக் கொடுக்க எனக்கு இஷ்டமில்லை. என் இடத்துக்கு அவருடைய அக்கா மருமகன் வந்தார். பி.காம்., முப்பது வயதுக்கு மேல், மெட்ராஸில் ஏதோ பெரிய படிப்பு முடித்தவர் என்றார்கள். அவரும் டை கட்டியிருந்தார். நான் எழுதி வைத்த கட்டை எடைபோடுவது போலக் கையில் தூக்கிப் பார்த்து, அலமாரியின் மேல் வைத்துவிட்டு, மெஷின் முன்னால் உட்கார்ந்தார். கீபோர்டைச் சுற்றிலும் தடவிப் பார்த்தார்.

"இதுக்கு ஸ்விட்ச் எங்க இருக்கு?" என்று கேட்டார்.

காட்டினேன். பிறகு என் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன்.